சாவியைத் தொலைக்கும் சித்தப்பா

அலுவலகத்தில் அவளுக்குக் கொக்கியக்கா என்று பெயர். ஆட்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதுதான் அவள் வேலை. சோப்பு, செருப்பு, பற்பசை, எது வந்தாலும் கேட்பாள். மற்றவர்கள் கூப்பிட்டால் "நேரமில்லை" என்று வைத்துவிடுகிற ஆட்கள்கூட இவளிடம் மாட்டினால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. எங்கே கொக்கியைப் போடுவாள், எப்படி இழுப்பாள் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து நாற்காலிப் பெண்தான் அந்தப் பெயரை வைத்தாள். வைத்த ஒரே வாரத்தில் சூப்பர்வைசர் வாய்க்கும் அது போய்விட்டது.

ஊரார் வாயிலிருந்தெல்லாம் அபிப்பிராயத்தைக் கறக்கிறவளுக்கு வாய்த்த புருஷனோ அபிப்பிராயமே இல்லாத மனிதர். இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன வேண்டும்? உப்பு போதுமா என்றால் "ம்" என்பார். எந்தச் சட்டை என்றால் "ஏதாவது ஒண்ணு" என்பார். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, அனுப்பலாமா வேண்டாமா என்று வீடே இரண்டுபட்டுக் கிடந்தபோது, "உங்க இஷ்டம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் அவர். இவளை முதன்முதலாகப் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே, பெண் எப்படி என்று அவருடைய அக்கா கேட்டதற்கு, "எனக்கென்ன, உனக்குச் சரின்னா சரி" என்றாராம். தம்பி அவ்வளவு அடக்கம் என்று அந்த மகராசி இவளிடமே வந்து பெருமையாகச் சொன்னாள். அன்று குத்திய முள் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது. பிள்ளை பெற்று, வளர்த்து, வேலைக்கும் அனுப்பியாயிற்று. தன்னைப் பிடித்துத்தான் கட்டினாரா என்பது மட்டும் அவளுக்கு இன்று வரை தெரியாது.

பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பணிமனையை மூடிய பிறகு வீட்டோடு இருந்துவிட்டார். அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. 'ஒரு வீடு ஒன்பது சாவி' என்று பெயர். ஒரே வீட்டில் ஒன்பது பேர், ஆளுக்கொரு வாசல் சாவி. முக்கால்வாசி நேரம் சிரிக்க வைத்துவிட்டு, முடியும்போது கண்ணைத் துடைக்க வைத்து அனுப்புவார்கள். அதில் ஒரு சித்தப்பா. வேலை வெட்டி கிடையாது. தினமும் தன் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று, ஒன்பது பேரில் இன்றைக்கு யாரிடம் திட்டு வாங்கலாம் என்று யோசிப்பார். அதைப் பார்த்துத்தான் அவள் புருஷன் சிரிப்பார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, சோபா கிரீச்சிடச் சிரிப்பார்.

அவள் வேலையிலிருந்து வந்து சமையலறையில் நுழைகிற நேரமும் அந்தத் தொடர் ஓடுகிற நேரமும் ஒன்று. கால் வலி, காது வலி, இந்தப் பக்கம் பாத்திரம் மலைபோல. கூடத்தில் சிரிப்பு. ஒரு நாள் தாங்க முடியாமல், "வெட்டியா திரியறவனப் பாத்து வெட்டியா உக்காந்திருக்கறவர் சிரிக்கிறாரு. நல்ல ஜோடி" என்று சொல்லிவிட்டாள். கூடத்தில் சிரிப்பு பட்டென்று நின்றது. மறுநாளிலிருந்து அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. சிரிப்பதானால் சிரித்துத் தொலைக்க வேண்டியதுதானே? ஏனென்று திருப்பிக் கேட்டால் என்ன?

இதில் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சித்தப்பா குரல் கேட்டதும் அவள் கத்தி நின்றுவிடும். வெங்காயத்தைப் பாதி அறுத்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு அவளும் சிரிப்பாள்.

இப்படி இருக்கையில் அந்தத் தொடரே அவள் மேசைக்கு வந்தது. ஒன்பது பேர் அதிகம், ஒருவரைக் குறைக்க வேண்டும், யாரைக் குறைப்பது என்று பார்வையாளர்களைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று தயாரிப்பாளர்கள் வேலையைக் கொடுத்திருந்தார்கள். கொக்கியக்கா ஹெட்போனை மாட்டினாள். அன்றைக்குத்தான் மனித குலத்தின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

ஒரு அம்மா, மூத்த மருமகளாக நடிக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டதற்குத் தன் சொந்த மருமகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். ஒருத்தர், மாமியார் நடிப்பு பிரமாதம், அதனால் அந்தப் பொம்பளையை உடனே தூக்க வேண்டும் என்றார். இன்னொருத்தி, "அந்தக் கடைசிப் பொண்ணுகிட்ட சொல்லி வைங்க, அந்தப் பையன் சரியில்ல" என்று வைத்துவிட்டாள். மாமியாரை வெறுத்தார்கள், மருமகளுக்காக உருகினார்கள், கடைசிப் பெண்ணுக்காகச் சண்டைக்கே வந்தார்கள். சித்தப்பாவைக் கேட்டால் மட்டும், "அவரா, ஏதோ வர்றாரு போறாரு" என்றார்கள். அப்படிச் சொல்லும்போதே அவர்கள் சிரிப்பது இவள் காதில் தெளிவாக விழுந்தது.

"சார், சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க. பிடிக்கும்னு போடலாமா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"படிவத்துல சிரிப்புக்கெல்லாம் கட்டம் கிடையாதுக்கா. அழுத்திச் சொல்லலைன்னா வேண்டாம்னுதான் கணக்கு" என்றார் அவர்.

சித்தப்பா தலை தப்பாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேர்மையான பிழைப்பில் அவள் செய்த ஒரே தில்லுமுல்லு அப்போதுதான் நடந்தது. பணியாளர்கள் வீட்டில் கேட்கக் கூடாது என்பது விதி. அவள் தன் வீட்டு எண்ணைப் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் கொடுத்து, "இவரைக் கூப்பிடு. சித்தப்பான்னா உசிரு" என்றாள். ஒரு ஓட்டில் எதுவும் நிமிர்ந்துவிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, அந்த மனிதர் வாயால் 'எனக்கு இது வேணும்' என்று சொல்லி அவள் கேட்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"பார்ப்பேம்மா, தினமும்" என்றார் புருஷன். யாரை ரொம்பப் பிடிக்கும் என்றதற்கு, "எல்லாரும் நல்லாத்தான் பண்றாங்க" என்றார்.

கொக்கியக்கா பல்லைக் கடித்தாள். விடாதே என்று கையைக் காட்டினாள்.

"சித்தப்பா எப்படி சார்?" என்றாள் அந்தப் பெண்.

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு. "அவரா? அன்னிக்கு சாவியத் தேடுறேன்னு ஃப்ரிட்ஜத் திறந்து, குளுகுளுன்னு இருக்குன்னு தலைய உள்ள விட்டுத் தூங்கிட்டாரு பாருங்க. நின்னுகிட்டே!" அவரால் மேலே பேச முடியவில்லை. துண்டில்லாத சிரிப்பு. கொக்கியக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அப்ப அவர் இருக்கணும்னு போட்டுக்கவா சார்?"

"வேண்டாம்மா. எடுத்துடச் சொல்லுங்க."

"இவ்வளவு ரசிச்சுச் சொல்றீங்களே சார்?"

"நான் ரசிச்சு என்னம்மா. எங்க வீட்டம்மாவுக்கு அவரக் கண்டாலே ஆகாது. பகலெல்லாம் கண்டவன்கிட்டயும் பேசிக் களைச்சு வர்றா. வந்ததும் இந்த ஆள் குரல் கேட்டா அவளுக்கு எரிச்சலா இருக்கு. வேண்டாம்னே போட்டுக்கங்க."

ஆயுசில் முதல் தடவையாக அவர் அழுத்தம் திருத்தமாக ஒரு பதில் சொன்னார். கொக்கியக்கா "இரு, இரு" என்பதற்குள் அந்தப் பெண் பொத்தானை அழுத்திவிட்டாள். அழுத்தினால் மாற்ற முடியாது.

"யாருக்கா இவரு? பாவம், அந்தம்மா ரொம்பக் கறார் போல" என்றாள் அந்தப் பெண்.

"யாரோ" என்றாள் கொக்கியக்கா.

வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்க முடியவில்லை. திறந்தால் தில்லுமுல்லு வெளியே வரும். அவருக்கு ஆசையே இல்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தாளே, இருப்பதையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்? பாவமாக இருந்தது. பாவப்பட்டுக்கொண்டே கோபமும் வந்தது. யார் இவரை விழுங்கச் சொன்னது? பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். அவர் தொலைக்காட்சி ஒலியை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

ஒரு மாதம் போல ஆனதும் தொடரில் சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. அவ்வளவு நாளும் தொலைத்த சாவியை அன்றைக்கு மட்டும் பத்திரமாகச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஆணியில் மாட்டிவிட்டுப் பெட்டியோடு போனார். கையைத் துடைத்தபடி அவள் கூடத்துக்கு வந்து நின்றாள். புருஷன் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நல்லதாப் போச்சு. இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல" என்றார்.

"எனக்கு அந்தாளப் பிடிக்கும்" என்றாள் அவள். "ஃப்ரிட்ஜுக்குள்ள தூங்கினாரே, அன்னிக்குச் சிரிச்சு சிரிச்சு அடுப்புல பாலப் பொங்க விட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். "நீ சொல்லவே இல்லையே. ஒரு பொண்ணு போன் பண்ணி கேட்டுச்சு. தெரிஞ்சிருந்தா வேணும்னு சொல்லியிருப்பேனே."

"அப்பவும் எனக்காகவா?" அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கைத்துணியைச் சோபாவில் வீசினாள். "உங்களுக்கு என்ன வேணும்? அத ஒரு தடவ சொல்லுங்களேன்."

அவர் நிஜமாகவே யோசித்தார். ரிமோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு கஷ்டமான கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"எனக்கென்ன" என்றார் கடைசியில், மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்தபடி. "உனக்குச் சரின்னா சரி."

எந்த ஊரில் யார் சொல்லியிருந்தாலும் கொக்கியக்கா இந்தப் பதிலை வேண்டாம் என்ற கட்டத்தில்தான் போட்டிருப்பாள். இத்தனை வருஷமாக அதில்தான் போட்டும் வைத்திருந்தாள். அது தப்பான கட்டம், அவர் பாஷையில் அதுதான் 'வேணும்' என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம், சித்தப்பா போய்விட்டாரே என்று புருஷன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். சித்தப்பாவுக்காகத்தான் இவ்வளவு அழுகை என்று நினைத்து, அவர் தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.