பின்சக்கரத்துக்குப் பங்கு வைத்த கதை

என் கணவர் பெரிய உடம்புக்காரர். டாக்டர் நடக்கச் சொன்னார்; இவர் கியர் சைக்கிள் வாங்கி வந்தார். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு ஏறுவார். நிந்தவூர் தாண்டுவதற்குள் பின்சக்கரத்துக் கம்பி ஒன்று படாரென்று உடையும். கல்முனையில் எங்கள் வீடு வரை உருட்டிக்கொண்டே திரும்புவார்.

"மறுகா ஒருக்கா ஒடஞ்சா வித்துருவன், புள்ள. எனக்கும் இதுக்கும் சரிவராது."

முகம் சிறுத்துப்போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளில் ஏறினால் மனிதருக்குப் பாதி வயது குறைந்துவிடும். அந்தச் சந்தோசத்தை ஒரு கம்பிக்காக விற்கவா?

கம்பியின் இறுக்கத்தை அளக்கும் கருவி ஒன்றை ஒன்லைனில் எடுப்பித்தேன். கம்பியில் கவ்வ வைத்தால் முள் ஓர் எண்ணைக் காட்டும். அளந்து பார்த்தால் அநியாயம்! ஒன்று விறைத்து நிற்கிறது, அடுத்தது தொய்ந்து கிடக்கிறது. தொய்ந்ததுதான் ஆடி ஆடி உடைகிறது. வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து, எல்லாக் கம்பிக்கும் ஒரே எண் வரும்வரை திருகினேன். பெருமையோடு சுற்றிவிட்டால், சக்கரம் இடப்பக்கம் ஒதுங்கி பிரேக் கட்டையில் உரசி நின்றது. வந்த கோபத்தில் கம்பி திருகும் சாவியை எறிந்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன புள்ள, சஹன்ல பங்கு வெச்ச மாதிரி வெச்சிரிக்காய்?"

"சமமா வெக்காம?"

"நம்மட சஹன்ல சோறுதான் சமன். இறைச்சியெல்லாம் என்ட பக்கம்தானே தள்ளுவாய்?"

உண்மைதான். நாங்கள் இருவரும் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில்தான் சாப்பிடுவோம். பாரம் இழுப்பவருக்குக் கூடுதல் பங்கு. சக்கரத்திலும் அதே நியாயம்: பாரம் இழுக்கும் சங்கிலிப் பக்கத்துக் கம்பிகளுக்கு இறுக்கம் கூட, மற்றப் பக்கத்துக்குக் குறைய. அந்தந்தப் பக்கத்துக்குள்ளே மட்டும் சமன். மீண்டும் அளந்து திருகினேன். சக்கரம் நடுவே நின்று சுற்றியது.

வெள்ளிக்கிழமை அட்டாளைச்சேனையில் இருக்கும் தன் அக்கா, ராத்தா வீட்டுக்குப் புறப்பட்டார். நேரமாகியும் ஒரு போனும் இல்லை. அந்த மதினிக்கு நானே அழைத்தேன்.

"வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு அப்பவே போயிட்டான் கா."

அப்படியென்றால் எங்கே? ரொட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசல் கேட்டுக்குப் போகையில் சைக்கிள் மணிச்சத்தம் கேட்டது. வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தார்.

"கம்பி?"

"ஒண்டும் ஒடையல்ல!"

இறங்கவும் இல்லை. கையை ஆட்டிவிட்டு வீட்டைக் கடந்து மருதமுனைப் பக்கமாக மிதித்தார். ரொட்டி கருகும் வாசனை. நில்லுங்க என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"போங்க! போங்க!" என்றுதான் வந்தது.