அவருக்குத் தெரிந்த ஒரே இலக்கம்

போன கிழமை அலுமாரி செய்ய வந்த ஆசாரி பிளைவூட் பலகையை அறுத்தார். அந்தப் பசை மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், மனம் ஊர்காவற்றுறையில் நான் வேலை பார்த்த கொமினிக்கேசன் கடைக்குள் போய் நின்றுவிட்டது. சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் கிடைத்த முதல் வேலை. பிளைவூட்டால் அடித்த ஒரு கூண்டு, அதற்குள் ஒரு தொலைபேசி, வெளியே கதிரையில் ராசாத்தி மாதிரி நான்.

ராசாத்தி என்பதெல்லாம் சும்மா. கனடாவிலிருந்து யாராவது போன் எடுத்து இன்னாரைக் கூப்பிடச் சொன்னால், அரை மணித்தியாலத்தால் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிள் மிதிப்பவளும் நான்தான். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் தேத்தண்ணி தருவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெளிநாடு தூரம் என்று சனம் கத்தித்தான் கதைக்கும். கலியாணப் பேச்சு, சண்டை சச்சரவு எல்லாம் ஊருக்கு முன்னம் எனக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கே தனிச் சம்பளம் தந்திருக்க வேண்டும்.

றோசலின் அக்காவை மட்டும் கூப்பிடப் போகத் தேவையில்லை. அவருடைய மனிசன் மன்னார்ப் பக்கம் கடற்கரையில் வாடி போட்டுத் தங்கி மீன்பிடித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் கடை வாசலில் வந்து நிற்பார். மனிசனும் தவறாமல் எடுப்பார். எங்கள் கடை இலக்கத்தைச் செபம் மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தார்.

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கியது, பாதை பூட்டுப்பட்டது, அவருடைய அழைப்பும் நின்றுபோனது. அக்கா வருவது நிற்கவில்லை.

இதற்கிடையில் கைத்தொலைபேசி வந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முதலில் வந்தது; மற்றவர்கள் பிறகு எப்படியோ வாங்கினார்கள். கூண்டுக்குள் போக ஆளில்லை. ஞாயிறுகளில் நானும் அக்காவும் அந்தத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்போம். தப்பித்தவறி அது அடித்தால் இரண்டு பேரும் ஒன்றாகக் கூண்டுக்குள் பாய்வோம். யாரோ இலக்கம் மாறி எடுத்திருப்பார்கள்.

கடையைப் பூட்டி லைனைத் திருப்பிக் கொடுக்கப்போவதாக முதலாளி சொன்னபோது, அக்கா அவர் காலில் விழாத குறை. முதலாளி ஈரமில்லாதவர் அல்லர். தன் பழைய கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார். அக்கா அதைத் தொடவில்லை.

“இதின்ரை நம்பர் அவருக்குத் தெரியாதே அண்ணை,” என்றார்.

கடை போனது, என் வேலையும் போனது. எனக்கென்ன, நான் வேறு வேலை தேடிக்கொண்டேன். சில மாதம் கழித்துக் கோயில் வாசலில் கண்ட அக்கா, என் கைத்தொலைபேசியில் கடை இலக்கத்தை ஒருக்கால் அடிக்கச் சொன்னார். மனிசன் எடுத்தால் அவருக்கு என்ன கேட்கும் என்று பார்க்க வேண்டுமாம். அடித்துக் கொடுத்தேன். முதலில் சிங்களத்தில் ஒரு பெண் குரல் பேசியது. அக்கா பொறுமையாக நின்றார். பிறகு தமிழில், இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. முழுவதையும் கேட்டுவிட்டு, போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திருப்பித் தந்தார்.

“இதைக் கேட்டா, நாங்கள்தான் இல்லாமல் போயிட்டம் எண்டெல்லோ அவர் நினைப்பார்.”