சொல்லாமல் எழும்பி வந்த வீடு

மனேஜரின் தகப்பனார் இறந்துவிட்டார் என்று மின்னஞ்சல் வந்ததும் நான் செய்த முதல் வேலை, கதிரையை விட்டு எழும்பியதுதான். எங்கே போவதற்கு எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்த கால்கள் அவை. செத்தவீடு என்று கேட்டால் மூளையிடம் அனுமதி கேட்காமலே புறப்பட்டுவிடும். அங்கே என்றால் ஒருவர் வான் பிடிக்க, இன்னொருவர் மலர்வளையத்துக்கு ஓட, சற்று நேரத்தில் கந்தோரில் காவலாளி மட்டும்தான் மிஞ்சுவார். இங்கே, கனடாவின் மார்க்கம் நகரத்தில், சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் மெல்ல “ஓ” என்றார்கள். பிறகு திரும்பவும் தட்டச்சுச் செய்யத் தொடங்கினார்கள். நான் மட்டும் நடு அறையில், தேசிய கீதத்துக்கு எழும்பியவனைப்போல நின்றுகொண்டிருந்தேன்.

மின்னஞ்சலின் கடைசி வரி, குடும்பத்தினர் தனிமையை விரும்புகிறார்கள் என்றது.

பின்னேரம் வெள்ளைப் பூப் படம் போட்ட அட்டை ஒன்று மேசை மேசையாக வந்தது. அதில் கையெழுத்து வைத்தால் துக்கம் விசாரித்த மாதிரியாம். நானும் வைத்தேன். வரவு இடாப்பில் வைத்த மாதிரித்தான் இருந்தது. பக்கத்து மேசையில் மட்டக்களப்புக்காரர் ஒருவர். என் வயதுதான், ஆனால் இந்த நாட்டில் கால் நூற்றாண்டு பழுத்தவர். அவரிடம் இரகசியமாகக் கேட்டேன்.

“அப்ப நாங்கள் எப்ப போறது?”

“எங்க?”

“செத்தவீட்டுக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “அண்ணன், அந்த மனுசன் தன்னைத் தனிய விடச் சொல்லியிருக்கார். இங்க ஆரும் ஆரிட வீட்டையும் கேக்காமப் போறல்ல.”

“ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு வாறது கூடவோ?”

“காட்டிட்டு வாங்க. மறுகா இஞ்ச காட்டத் தேவையிருக்காது.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமையோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. அதற்குள் மனேஜருக்கு என்னைப் பிடிக்காமல் போனால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். முந்திய குளிர்காலம் முழுவதும் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் உறைந்த கோழி அடுக்கியவன் நான். வெளியே மைனஸ் இருபது, உள்ளேயும் மைனஸ் இருபது. இடைவேளைக்கு வெளியே வந்தால் வெயில் காய்வதுபோல இருக்கும். ஐம்பதை நெருங்கும் வயதில் அந்தக் கோழிகளிடம் திரும்பிப் போவதை நினைத்தாலே முழங்கால் இறுகிவிடும்.

போனால் வேலை போகலாம். போகாவிட்டாலோ? எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு வராதவனை மன்னிப்பார்கள், செத்தவீட்டுக்கு வராதவனின் முகத்தில் முழிக்க மாட்டார்கள். இந்த வெள்ளைக்காரர் மட்டும் உள்ளுக்குள் என்ன நினைப்பாரோ! இரண்டு பக்கமும் பயந்து பயந்து, அன்று உதிரிப்பாகம் ஒன்றை மிசிசாகாவுக்கு அனுப்புவதற்குப் பதில் மிசிசாகாவிலிருந்து வரவழைக்க ஓடர் போட்டேன்.

வோபர்ன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவவுக்கு இதில் யோசிக்க எதுவுமே இருக்கவில்லை.

“தெரியாத ஆக்களைத்தானேயப்பா வரவேண்டாம் எண்டிருப்பார். உங்களை அவருக்குத் தெரியும்தானே?”

“தெரிஞ்சபடியால்தான் பயமாக்கிடக்கு.”

“அந்த வீட்டிலை அடுப்பு மூட்டுவினமோ? ஆர் சாப்பாடு குடுக்கிறது?”

அடுத்தநாள் பின்னேரம் இடியப்பம், சொதி, உருளைக்கிழங்குக் கறி எல்லாம் காரின் பின்சீற்றில் பெல்ற் போட்டு உட்கார்ந்திருந்தன. வீடு எனக்குத் தெரியும். ஒரு பனிநாளில் மனேஜரின் கார் ஸ்ரார்ட் ஆகாமல் நின்றபோது நான்தான் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

போய் இறங்கியபோது பிழையான வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்தேன். வாசலில் ஒரு செருப்புக் கூட இல்லை. தெருவில் ஒரு கார் கூட இல்லை. இந்த அமைதியைப் பார்த்தால் இறந்தவரே வந்து கதவைத் திறப்பார் போலிருந்தது. திறந்தவர் மனேஜர். சவரம் செய்யாத முகம், கட்டம் போட்ட பிஜாமா, கையில் சீரியல் கிண்ணம். பின்னேரச் சாப்பாடாம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ‘நான் சொன்னனான்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

காரில் நான் ஆங்கிலத்தில் பாடமாக்கி வந்த அனுதாப வசனம், கதவு திறந்ததும் பாதியோடு நின்றுவிட்டது. மிச்சத்தைத் தலையை ஆட்டிச் சமாளித்தேன். அவர் உள்ளே வரச் சொன்னார். மனைவி நேரே சமையலறைக்குப் போய்ச் சாப்பாட்டை மேசையில் பரப்பி, சொதியை இடியப்பத்தின் மேலே ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்று கையாலேயே செய்து காட்டினா. அவர் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். விவாகரத்தானவர். தகப்பனார் கடைசி இரண்டு வருடமும் அவரோடுதான் இருந்தாராம். சாய்வுக் கதிரையில் ஒரு போர்வை அப்படியே கிடந்தது.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் பேசவில்லை. செத்தவீட்டில் பேசாமல் இருப்பதுதானே மரியாதை. வழக்கமாக வாய் ஓயாத நான் அன்று என்னையே மெச்சும்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். எழும்பித் தேநீருக்குக் கேத்திலைப் போட்டார். பிறகு “ஒரு நிமிடம்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மனைவி கண்ணால் கதவைக் காட்டினா. இருவரும் எழும்பினோம். சப்பாத்தைப் போட்டோம். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தோம்.

எங்களுக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. செத்தவீட்டில் “போட்டு வாறன்” என்று சொல்லி விடைபெறக்கூடாது. இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சொல்லாமல் எழும்பிப் போவதுதான் முறை. எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகவேண்டும் என்று மனைவி என்னை நேரே குளியலறைக்குத் துரத்தினா. பிரேதமே இல்லாத வீடு என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. தலையில் ஷாம்பூ நுரையோடு நின்றபோதுதான் அந்த மனுஷனின் பக்கமிருந்து ஒருமுறை பார்த்தேன். வரவேண்டாம் என்ற வீட்டுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். வெள்ளை நூல் மாதிரி எதையோ ஒரு தட்டு நிறைய வைக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறார்கள். மாடிக்குப் போய்த் திரும்பினால் ஆளையே காணவில்லை! பொலிசைக் கூப்பிடாமல் விட்டதே பெரிய காரியம். நுரை கண்ணுக்குள் போய்விட்டது.

“இஞ்சாரும்!” என்று குளியலறைக்குள் நின்று கத்தினேன். “அந்தாள் ரீ போட்டவரெல்லே!”

“ஐயோ, ஓமப்பா!” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமானதாகக் கடிதம் வரும் என்று பார்த்திருந்தேன். கந்தோர் ஆள் நான். கடிதம் இல்லாமல் எதுவும் நிரந்தரமாகாது. வரவில்லை. விளம்பர மின்னஞ்சல்கள் கிடக்கும் பெட்டியையும் கிண்டினேன். தலைமயிர் வளர்க்கும் எண்ணெய் ஒன்றுதான் இருந்தது. மட்டக்களப்பு நண்பரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“கேத்தில் கொதிக்கக்குள்ளயா ஓடி வந்தீங்க?” என்றார். பிறகு பாவம் பார்த்து, “சாப்பாடு குடுத்தீங்கதானே அண்ணன். அது நல்லம்” என்றார். அவர் ஆறுதல் சொன்ன விதத்திலேயே என் கதை முடிந்தது தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை மனேஜர் வந்தார். பத்து மணிக்குச் சின்ன அறைக்கு வரும்படி அழைப்பு வந்தது. அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு ரிஷூக் காகிதப் பெட்டி. ரிஷூ யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? போகுமுன் என் தேநீர்க் கோப்பையைப் பைக்குள் வைத்தேன்.

“கப்பை ஏன் எடுக்கிறீங்க?” என்றார் நண்பர்.

“பிறகு வந்து எடுக்க விடுவினமோ தெரியாது.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். மனேஜர் கைகளைக் கோர்த்து மேசையில் வைத்தார்.

“அன்று நான் உங்களை ஏதாவது புண்படுத்திவிட்டேனா?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“இறங்கி வந்தபோது நீங்கள் இல்லை. குளியலறைக் கதவைக் கூடத் தட்டிப் பார்த்தேன். துக்க வீட்டில் இந்துக்களுக்குத் தேநீர் கொடுக்கக்கூடாதோ என்று இணையத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை இரவும் அதையே யோசித்தேன்.”

இந்த ரொறன்ரோவில் நான் ஒருவன்தான் இப்படிப் பயப்படுகிறேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி எங்கள் வழக்கத்தை விளக்கினேன்.

“அப்படியானால் நீங்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை?”

“இல்லவே இல்லை. அப்படியென்றால் என் வேலை?”

“எந்த வேலை?”

“இந்த வேலை. தகுதிகாண் காலம்... கடிதம் வரவில்லையே.”

“அது வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நீங்கள் நிரந்தரம் என்று அர்த்தம்” என்றார். இந்த நாட்டில் ஒன்றுமே நடக்காமல் இருப்பதும் நல்ல செய்தியாம். அதை யாராவது எனக்கு ஒரு கடிதத்தில் எழுதி அறிவித்திருக்கலாம்.

அவர் பைக்குள்ளிருந்து சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்தார். “இதைக் காட்டத்தான் மேலே போனேன். உங்களைத் தவிர வீட்டுக்கு யாரும் வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தானே சொன்னேன்.” குரல் தளர்ந்திருந்தது. படத்தில் உறைந்த ஏரியின் மேல் ஒரு கிழவர், தடித்த கோட்டு, சிவந்த மூக்கு. கையில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். முகத்திலோ திமிங்கிலம் பிடித்த பெருமை.

எங்கள் செத்தவீடுகளில் வெளியே கதிரை போட்டிருக்கும் ஆம்பிளைகள், போனவரைப் பற்றிப் பகிடி சொல்லிச் சிரிப்பதும் உண்டு. அன்றைக்குச் செய்யாமல் விட்ட வேலை அது.

“இந்த மீனைச் சமைத்தீர்களா, இல்லை, தத்தெடுத்தீர்களா?” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நிரந்தரமான முதல் நிமிடத்திலேயே நானாகவே வேலையைத் தொலைக்கப் பார்க்கிறேனே! அவர் என்னை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரிஷூவை எட்டி எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று மணிக்கூட்டைக் காட்டினார்கள். அவர் பிறகு வரும்படி கையசைத்தார். படத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தனக்கு ஏழு வயதாக இருந்தபோது தகப்பனார் அந்த ஏரிக்கு முதன்முதல் கூட்டிப்போன கதையைத் தொடங்கினார்.