வாசலோரம் உட்காரும் ஓச்சிர்

தன் கூடாரத்திலேயே வாசலோரம்தான் உட்காருகிறார் ஓச்சிர். கோபிப் பாலைவனத்துப் புழுதியெல்லாம் முதலில் வந்து விழுகிற இடம் அது. சும்மா தேநீர் குடிக்க வருகிற லாரிக்காரன்கூட இன்னும் உள்ளே தள்ளித்தான் உட்காருவான். கேட்டால், "வண்டி வர்றது தெரியணும்ல" என்பார்.

தெற்கே போகும் நிலக்கரி லாரிகளுக்கு டீசல் ஊற்றுவது அவர் தொழில். டீசல் வடக்கே ருஷ்யாவிலிருந்து வர வேண்டும். கரியைத் தெற்கே சீனா வாங்க வேண்டும். வடக்கே முறைத்தால் தொட்டி காலி. தெற்கே கதவைச் சாத்தினால் லாரியே வராது. "நமக்குக் கடலும் கெடையாது, கோவமும் கெடையாது" என்று சிரிப்பார். இரண்டு பாஷையிலும் நலம் விசாரிக்கத் தெரியும். அரசியல் மட்டும் எந்தப் பாஷையிலும் பேச மாட்டார்.

போன இலையுதிர் காலத்தில் டீசல்காரரும் கரி வாங்குபவரும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். அப்போது கூடாரத்துக்குள் வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்களுக்கான இடத்தில், அண்ணன் தம்தின் உட்கார்ந்திருந்தார். ஆடு மேய்க்கிறவர். அப்பா போன பிறகு ஓச்சிரை வளர்த்தவர். ஒருவரை அங்கே உட்காரவைத்தால் இன்னொருவர் முகம் சுருங்கும். அண்ணன் இருக்கையில் இருவரையும் சேர்த்து உட்காரவைக்க இடம் போதாது. ஓச்சிர் அண்ணன் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, செத்த வாசப் பக்கம் தள்ளி உக்காருங்களேன்."

தம்தின் எழுந்து வாசலோரம் போய் உட்கார்ந்தார். வந்தவர்களுக்கோ அந்த இடத்தின் மதிப்பே தெரியவில்லை. சீனாக்காரர் அடுப்புப் புகைக்கு இருமி, சற்று நேரத்தில் தானாகவே காற்றுக்காகக் கதவருகே வந்துவிட்டார். காலியான இடத்தைப் பார்த்தபடி தம்தின் தம்பியிடம் சொன்னார்.

"ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கோம்னு நெனச்சிட்டு இருந்தேன்டா. வாசல்லதான் இருக்கோம்."

அன்று சாயங்காலமே ஓச்சிர் தன் மெத்தையைக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணன் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

புத்தாண்டுக்கு ஓச்சிரே போனார். முறைப்படி அண்ணனின் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி வணங்கினார். தம்தின் இறைச்சிக் கொழுக்கட்டை வைத்தார், ஆடுகளின் குட்டிகளைப் பற்றிப் பேசினார், ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசியில் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார். வேண்டியவர்களுக்கு அதன் மூடியைச் சற்றுத் தளர்த்தித்தான் தருவார்கள்.

மூடி இறுகியே இருந்தது. ஓச்சிர் அதைத் திறக்க முயலவில்லை. மூக்கருகே கொண்டுபோய், முகர்ந்தவர்போலக் கண்ணை மூடித் தலையசைத்து, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.