வால்வு சூடாகும் வரை

இன்று வாட்ஸ்அப் கிட்டார் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "சின்ன ரூம், கம்மி பட்ஜெட். எந்த வால்வு ஆம்ப் வாங்கலாம்ணா?"

ஆம்ப் என்றால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. ஆளுக்கொரு மாடலைச் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

எண்பதுகளில், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. இருந்தது அப்பாவின் பழைய வால்வு ரேடியோ ஒன்றுதான்.

"பின்னாடி ரெக்கார்ட் பிளேயர் சொருகுற ஓட்டை கீது மச்சான், அதுல உன் எலெக்ட்ரிக் கிட்டாரை சொருகு," என்றான் நண்பன் டேவிட். சொருகினேன். இனிமையாகத்தான் இருந்தது.

அதையே தூக்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரலுக்குக் கிளம்பினோம். உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வு சூடானால்தான் சத்தம் வரும், அதற்கு நேரமாகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு சரணம்தான். அது முடிந்து கேக் கைக்கு வரும்போதுதான் கிட்டார் வாய் திறக்கும். உடனே பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வீடு.

கடைசி வீடு அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த சுடலைமுத்து மாமாவுடையது. திருநெல்வேலிக்காரர்.

"ஏல, கிட்டார்ல சத்தமே வரலையே?"

"சூடாகணும் மாமா."

"ஆவட்டும்ல. நமக்கு என்ன ரயிலுக்கா நேரமாவுது? எல்லாரும் உக்காருங்க."

அன்று அந்த ஒரு வீட்டில்தான் முதல் வரியிலிருந்தே நான் வாசித்தேன்.

தம்பிக்கு எழுதினேன்: "எதை வேணா வாங்கு. அது சூடாகுற வரைக்கும் உக்காந்திருக்க ஒரு ஆளையும் பார்த்து வை."

"அந்த மாடல் எங்கண்ணா கிடைக்கும்?" என்கிறான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.