விழுகிறவர்களுக்கு இசை போடும் லச்சு அண்ணன்

கடற்கரைக் கோயிலை இத்தனை நூற்றாண்டாகக் கடல் கொண்டுபோகாததற்குக் காரணம் சுற்றிலும் கொட்டியிருக்கும் பாறாங்கல் என்று கைடுகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் லக்ஷ்மிநாராயணன் என்கிற லச்சு அண்ணன் தினமும் காலையில் மொட்டைமாடியில் நின்று அதற்காகப் பயப்படுகிறார். அதனால்தான் கோயில் நிற்கிறது. உலகத்தின் பயத்தையெல்லாம் அவர் ஒருவரே குத்தகைக்கு எடுத்துவிட்டதால்தான் மாமல்லபுரத்தில் மற்றவர்கள் நிம்மதியாக நாஸ்தா தின்ன முடிகிறது.

கோயிலுக்குப் பயந்து முடித்ததும் வயர்களுக்கு வருவார். அறை முழுக்க வயர். ஒவ்வொன்றையும் நுனியில் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்து, “இருக்கியா?” என்று கேட்பார். வயரைத்தான் கேட்பார். பிறகு காஸ் சிலிண்டர், பிறகு ஜன்னல் கொக்கி. கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். ஒருமுறை அவர் திரும்பி வருவதற்குள் பூட்டின்மேல் ஒரு பொட்டு ஒட்டி வைத்தேன். அன்றைக்கு அவர் எங்குமே போகவில்லை.

முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. கழுத்தில் எப்போதும் ஹெட்போன், மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி. கடிக்க நகம் மிச்சமில்லாததால் இப்போதெல்லாம் பேனா மூடியைக் கடிக்கிறார். அப்பா கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அணுவுக்கே பயப்படாத மனிதருக்கு இப்படி ஒரு பிள்ளை.

வேலை என்னவென்று கேட்டால் “டான்ஸுக்கு மியூசிக் பண்றேன்” என்பார். லோடு ஆட்டோ ஓட்டும் துரை அண்ணன் முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

“பரதமா, அண்ணாத்த?”

“இல்ல.”

“சினிமா டான்ஸா?”

“அதுவும் இல்ல. இந்தக் காலத்து டான்ஸ். கதை, முத்திரை எல்லாம் இருக்காது. உடம்புக்கு என்ன தோணுதோ அது.”

“என் ஒடம்புக்குத் தூங்கணும்னு தோணுது. அதுக்கு ஒரு மீஜிக் போடேன்.”

என் அம்மா கன்னியம்மா கீழே இட்லிக்கடை வைத்திருக்கிறாள். ஆடுகிறவர்கள் மாடிக்கு வந்து பயிற்சி செய்தால் இட்லிப்பானை மூடி ஆடும். “தொப்பு தொப்புனு வுழுதுங்க, பொரளுதுங்க, எந்திரிச்சி மறுபடியும் வுழுதுங்க. இன்னா டான்ஸு இது? வவுத்து வலி வந்தாப்புல கீது” என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு ரெண்டு இட்லி அதிகமாக வைத்து அனுப்புவாள்.

பாட்டைப் போட்டுவிட்டு ஆடச் சொல்வதுதான் ஊர் வழக்கம். லச்சு அண்ணன் தலைகீழ். முதலில் ஆட வருகிற பொன்னி அக்காவும் கூட ஆடும் நாலு பேரும் பாட்டே இல்லாமல் ஆடுவார்கள். இவர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மைக்கை அவர்கள் கால்களுக்கு நடுவே நீட்டுவார். பாதம் உரசுவது, மூச்சு வாங்குவது, முட்டி சொடக்குவது எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டுபோய், அதன்மேல் நாள்கணக்கில் உட்கார்ந்து இசையைப் பின்னுவார். யார் மெட்டும் அதில் இருக்காது. முணுமுணுக்க வராது. ஆனால் கேட்டுவிட்டு மாடிப்படி இறங்கினால் கால் நம் பேச்சைக் கேட்காது.

ஒருநாள் அவர் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினேன். வெளுத்த முகத்தோடு ஓடிவந்தார். “குட்டி எங்கயாவது மாட்டிக்கிச்சா?” நான்தான் குட்டி என்று தெரிந்ததும் ஓடத் தயாரானேன். அவர் மைக்கை நீட்டினார். “இன்னொரு தடவை கத்து ரேணு. கடைசியில கொஞ்சம் இழுத்து.” பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட என் குரலைக் கேட்டு, சென்னையில் யாரோ கண் கலங்கினார்களாம்.

இப்படி எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னதாகப் பயந்துகொண்டிருந்தவருக்கு ஒரு பெரிய பயம் வந்தது மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

புது ஆட்டத்தின் உச்சத்தில் ஒரு இடம் உண்டு. ஆளைவிட உயரமான மேடைப்பெட்டியின் விளிம்பில் பொன்னி அக்கா முதுகைக் காட்டி நிற்பார். லச்சு அண்ணன் ஒரு இரும்புப் பட்டையைக் கோலால் அடிப்பார். லாரியின் அடியில் சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்குமே, அந்தப் பட்டை. ஜி.எஸ்.டி. ரோடு பழைய இரும்புக் கடையில் பிடித்தது. அந்த ஓசை எழுந்ததும் பொன்னி அக்கா அப்படியே பின்னால் சாய்வார். அதே ஓசைக்குத் தூரத்து மூலையிலிருந்து நாலு பேரும் ஓடிவந்து ஏந்திக்கொள்வார்கள். எண்ணிக்கை கிடையாது, கண்சாடை கிடையாது. அந்த ஒரு அடிதான் எல்லாருக்கும் சேதி.

ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்தம் இல்லாத நாளில் ஒத்திகைக்குக் கிடைத்தது. பட்டையை ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கிய நானும் துரை அண்ணனும் அங்கேயே நின்றோம். மண்டபம் பெரிது. மூலையில் நிற்கும் நாலு பேருக்கும் கேட்கவேண்டுமே என்று, லச்சு அண்ணன் பட்டையருகே மைக்கையும் அவர்கள் பக்கத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரையும் வைத்தார். வயர் இல்லாமல் போகிற சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். பாட்டு கேட்கிற நமக்கு அது தெரியாது. அடித்த அடியைப் பொன்னி அக்கா நேராகக் கேட்டுச் சாய்ந்தார். காதருகே ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்ததால் அந்த நாலு பேருக்கும் அதன் வழியாகத்தான் கேட்டது. தாமதம் கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. எட்டு கைகளும் நீண்டன. அவற்றுக்கு ஒரு முழம் முன்னால் பொன்னி அக்கா தரையில் விழுந்தார்.

தோள்பட்டை எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரி வராந்தாவில் லச்சு அண்ணன் சுவரைப் பார்த்தே பேசினார். “லேட்டா வரும்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கறவனே நான்தான். மண்டபம் பெருசுன்னு மட்டும்தான் யோசிச்சேன்.” தலை முதலில் பட்டிருந்தால் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே அங்கே எல்லாருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் வயர் இல்லாத சாமான் ஒவ்வொன்றையும் மூட்டை கட்டி வெளியே வைத்தார். ஒரு தேங்காய்நார்க் கயிற்றுக் கட்டு அளவுக்கு வயர் வாங்கினார். வயர் சரியாகிவிட்டது. கை சரியாகவில்லை. தோள் கூடி பொன்னி அக்கா திரும்பி வந்த பிறகும், பட்டைக்கு நேரே ஓங்கிய கோல் பாதியில் நின்றுவிடும். இல்லையென்றால் கோழிக்குஞ்சைத் தொடுவதுபோலத் தொடும். அந்த ஓசையைக் கேட்டு ரெண்டு பேர் ஓடுவார்கள், ரெண்டு பேர் நிற்பார்கள். முன்பாவது ஸ்பீக்கர்தான் தாமதம். இப்போது ஆளே தாமதம்.

“விழற இடத்தை எடுத்துடலாம் பொன்னி” என்றார் ஒருநாள். “பேசாம உட்கார்ந்துடு. உட்கார்றதுக்கு எவ்ளோ அருமையா மியூசிக் போடறேன் பாரு.”

சிறுசேரியில் ஐ.டி. கம்பெனி வேலையை முடித்துவிட்டு நேராக ஒத்திகைக்கு வந்திருந்த பொன்னி அக்கா, கம்பெனி அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. “உட்கார்றதுக்குத்தான் எனக்கு ஆபீஸ் இருக்கே” என்றார். “எனக்கு மட்டும் பயமில்லையா லச்சு? அங்க நிக்கிறப்போ கால் ஆடுது. நீ மெதுவா அடிச்சா இன்னும் ஆடுது. நீ ஓங்கி அடிச்சாதான் அவங்க வருவாங்க. என்னைக் காப்பாத்தறதா நினைச்சு என்னைக் கொன்னுடாத.”

அன்றைக்குப் பேனா மூடியோடு பேனாவும் போயிற்று.

போன சனிக்கிழமை, முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்புக்கு நடுவே மேடை. வெயில் தாழ்ந்து, கழிமுகத்திலிருந்து காற்று. துரை அண்ணன் பட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். “அண்ணாத்த, நீ பயந்துகினே அடிச்சாலும் பரவால்ல. மயங்கி மட்டும் வுழுந்துடாத. உன்னிய புடிக்க ஆள் வரல.” லச்சு அண்ணன் பட்டையிலிருந்து மூலை ஸ்பீக்கர் வரைக்கும் வயர் கூடவே குனிந்து நடந்து, ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் மயங்கி விழுவதைக் கிட்ட நின்று பார்க்கத்தான் நான் மேடையின் ஓரத்தில் நின்றேன். அப்படித்தான் துரை அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. மூச்சு, உரசல், மூச்சு. சவுக்கு மரங்களும் கூடச் சேர்ந்துகொண்டன. உட்கார்ந்திருந்தவர்கள் செருமக்கூட இல்லை. பொன்னி அக்கா பெட்டியின்மேல் ஏறினார். விளிம்புக்கு வந்து முதுகைக் காட்டினார். இசை ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் காற்று மட்டும் இருந்தது. தூரத்து மூலையில் நாலு பேரும் குனிந்து தயாராக நின்றார்கள். அக்காவின் குதிகால் ஆடுவது எனக்கே தெரிந்தது.

லச்சு அண்ணன் கோலை ஓங்கினார். கோல் மேலேயே நின்றது.

அவர் நெற்றியிலிருந்து வேர்வை மூக்குக்கு வழிந்தது. உதடு அசைந்தது. “இருக்கியா” என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. எதைக் கேட்டார் என்று தெரியவில்லை. அடி அண்ணா, அடி அண்ணா என்று உள்ளே கத்தினேன்.

அடித்தார்.

அப்படி ஓர் அடியை அந்தப் பட்டை லாரிக்கு அடியில் இருந்தபோதுகூட வாங்கியிருக்காது. தோப்பிலிருந்த காகமெல்லாம் கிளம்பியது. பொன்னி அக்கா சாய்ந்தார். ஒரு கூந்தல், ஒரு வெள்ளை முதுகு, வெறும் காற்று. மூலையிலிருந்து கால்கள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

பட்டையின் ரீங்காரம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அதற்கப்புறம்தான் கைதட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். எட்டு கைகளுக்கு நடுவே பொன்னி அக்கா மேலே வானத்தைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

லச்சு அண்ணன் அங்கே பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ.

“புடிச்சிட்டாங்க, ரேணு” என்றார்.

கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டே வந்து, உள்ளங்கை மேலே பார்க்க நீண்டபடியே நின்றுவிட்ட என் இரண்டு கைகளையும், தன் கைகளால் மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.