பஸ் நிற்காத நிழற்குடை

வில்லியனூரிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்கள் மூலக்குளத்தில் ஒரு சிமெண்டு கடை வாசலில் நிற்கும். நிழற்குடை அங்கே இல்லை. பஸ் வரும் திசையில் எண்பது தப்படி தள்ளி, ஒரு சந்து முனையில் இருக்கிறது. நீலத் தகரக் கூரை, ஸ்டீலில் நான்கு இருக்கைகள், மேலே 'பேருந்து நிறுத்தம்' என்று பெரிய எழுத்து. கட்டி இரண்டு வருஷமாகியும் அதன் முன்னால் ஒரு பஸ்கூட நின்றதில்லை. காலையில் நாங்கள் இருபது இருபத்தைந்து பேர் அதைத் தாண்டி நடந்து வந்து கடை வாசலில் வெயிலில் நிற்போம். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. தெருவில் கரண்டு கம்பம் இருப்பதுபோல அதுவும் இருந்தது.

யோசித்தவர் ஆனந்தமேரி அக்கா ஒருவர்தான்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வெளிநோயாளிகள் பிரிவில் சீட்டுப் பதிகிற வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர், வயசு, ஊர் கேட்டு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பேரைக் கேள்வி கேட்டும் அவருக்கு அலுக்காது. பஸ்ஸிலும் கேட்பார். நான் அந்த நிறுத்தத்தில் போய் நின்ற முதல் நாளே, "உங்க செருப்பு ஏன் இடது கால்ல மட்டும் தேஞ்சிருக்குது?" என்று கேட்டார். அதுவரை நானே அதைப் பார்த்ததில்லை. அவருடைய வீட்டுக்காரர் சவரிராயன், போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அவ கேக்காத கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. நமக்கு எதுக்குன்னு மட்டும் கேக்க மாட்டா."

போன கார்த்திகையில் ஒரு காலை நல்ல மழை. கடை வாசலில் எல்லோரும் குடையோடு குடை இடித்துக்கொண்டு நின்றோம். பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கும் பார்வதி தலையில் கூடையோடு நின்றிருந்தார். முதுகில் போர்த்திய பிளாஸ்டிக் தாளைத் தாண்டித் தண்ணீர் அவர் கழுத்தில் வழிந்தது. எண்பது தப்படிக்கு அந்தப் பக்கம் நிழற்குடை உள்ளே ஒரு சொட்டு நனையாமல் காலியாக நின்றது.

மேரியக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யக்கா, அத ஏன் அங்க கட்னாங்க?"

"எவனோ கட்னான், எங்கியோ கட்னான்" என்றார் பார்வதி. "பஸ் வருதா பாரு."

"இல்லக்கா. ஒருத்தர் வந்து எடம் பாத்திருப்பாருல்ல? அவரு இன்னா பாத்தாரு?"

பஸ் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி மேரியக்காவை விட்டு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு காரியம் செய்தார். நிழற்குடைக்குப் போய் ஒரு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். பஸ் வந்ததும் எழுந்து கை காட்டினார். பஸ் அவரைத் தாண்டி வந்து எங்கள் முன்னால் நின்றது. அவர் பின்னாலேயே ஓடி வந்து, மூச்சிரைக்க முன்பக்கம் ஏறி, டிரைவர் அம்மாவாசையிடம் நேராகக் கேட்டார்.

"ஏன் அண்ணே அங்க நிறுத்தல?"

அம்மாவாசை கியரை மாற்றியபடி சொன்னார்: "சந்து வாயி மேரியம்மா அது. அங்க நிறுத்துனா உள்ள போற வண்டி, வெளிய வர்ற வண்டி எல்லாம் அப்படியே நின்னுடும். இங்கதான் ஓரங்கட்ட எடம் இருக்குது. நான் இந்த ரூட்டுல பதினாறு வருசமா ஓட்டுறேன். அன்னிலருந்து இங்கதான்."

காரணம் சரியாகத்தான் இருந்தது. அதனால் புதிர் பெரிதாகிவிட்டது. பதினாறு வருஷமாக பஸ் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டியவர்களுக்கு அது எப்படித் தெரியாமல் போனது?

கவுன்சிலர் என்று போய்க் கேட்க ஆள் கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் நடந்து வெகு காலமாகிறது. மேரியக்கா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அலுவலகங்களுக்கு நடந்தார். சாலை எங்களுடையது, நிழற்குடை எங்களுடையது இல்லை என்றார்கள் ஓரிடத்தில். பஸ் ஓடும் தடம்தான் எங்கள் வேலை என்றார்கள் இன்னோரிடத்தில். நகராட்சியில் ஒரு பெண் ஊழியர் மட்டும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இடத்தை மாத்தணும்னு மனு குடுக்குறீங்களாம்மா?" என்றார்.

"மாத்தச் சொல்லல. ஏன் அங்க வந்துதுன்னு தெரியணும்."

அப்படி ஒரு மனுவை அவர் வாங்கியதில்லை போலிருக்கிறது. சற்று யோசித்துவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடச் சொன்னார். மேரியக்கா அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தார். இருபத்தேழாவது நாள் பதில் வந்தது: கோப்பை நேரில் வந்து பார்வையிடலாம்.

கோப்பை எடுத்து வந்தவர் வெற்றிச்செல்வன் என்கிற இளநிலைப் பொறியாளர். முப்பது வயதுதான் இருக்கும். நிழற்குடை கட்டிய பிறகு அங்கே வேலைக்கு வந்தவர். வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தார். முதல் தாளில் 'ஏன்' என்பதற்குப் பதில் இல்லை என்றதும் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"கோப்ப அடியிலருந்து படிக்கணும் மேடம். பழசெல்லாம் கீழதான் இருக்கும்."

இரண்டு பேரும் பின்னாலிருந்து புரட்டினார்கள். ஒப்பந்தத் தாள்கள், இரும்புக் குழாயின் அளவு, கையால் வரைந்த ஒரு படம். படத்தில் சந்து முனையில் ஒரு வட்டம், உள்ளே 'மரம்' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியில், மக்கள் கருத்துக் கேட்பு என்று ஒரு படிவம். கேள்வி ஒன்றே ஒன்று. 'நீங்கள் பேருந்துக்காக எங்கே காத்திருக்கிறீர்கள்?' அதன் கீழே முப்பத்தோரு பெயர்கள், முப்பத்தோரு கையெழுத்துகள். பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: தூங்குமூஞ்சி மரத்தடி.

பதினான்காவது பெயர் ஆனந்தமேரி. கையெழுத்து அவருடையதேதான்.

அதைச் சொல்லும்போது மேரியக்கா எங்களிடம் மறைக்கவில்லை. "எனக்கு அப்பிடியே காது சூடாயிடுச்சு" என்றார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். சித்திரை வெயில். கையில் அட்டை வைத்துக்கொண்டு ஒரு காலேஜ் பெண் வந்து கேட்டாள். அப்போது சந்து முனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. எல்லோரும் அதன் நிழலில்தான் நிற்பார்கள். தூரத்தில் பஸ் தலை தெரிந்ததும் எண்பது தப்படி ஓடி வந்து கடை வாசலில் ஏறுவார்கள். எங்கே காத்திருக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். மரத்தடியில் என்று சொன்னார்கள். எங்கே ஏறுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை; இவர்களும் சொல்லவில்லை. பிறகு சாலையை அகலப்படுத்தியபோது மரம் போயிற்று. மரம் போன இடத்தில் நிழற்குடை வந்தது.

"இதுல யாரும் பொய் சொல்லல மேடம்" என்றார் வெற்றிச்செல்வன், படிவத்தைப் பார்த்தபடியே. "தப்பும் பண்ணல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கோம்" என்றார் மேரியக்கா. தன்னுடைய வேலையிலும் இப்படித்தான் என்று அவருக்கு எடுத்துச் சொன்னாராம். எங்கிருந்து வர்றீங்க என்று நோயாளியைக் கேட்டால், ராத்திரி தங்கிய தங்கச்சி வீட்டைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக் கடிதம் அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும். ஆதார் கார்டில் எந்த ஊர் இருக்கிறது என்று கேட்டால்தான் சொந்த ஊர் வரும். இதைக் கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

வெற்றிச்செல்வன் கோப்பை மூடவில்லை. வில்லியனூர் சாலை நிறுத்தங்களை மறுபடியும் சீரமைக்க ஒரு திட்டம் தயாராகிறது, பொதுமக்கள் யோசனை சொல்ல இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றார். "எங்ககிட்ட அனுப்ப ஆள் இல்ல. நீங்களே கேட்டு எழுதிக் குடுங்களேன். எப்படிக் கேக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியுதே."

மறுநாளிலிருந்து மேரியக்கா ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்தார். எங்கே ஏறுகிறீர்கள், பஸ் வருவதற்கு முன் எங்கே நிற்கிறீர்கள், கையில் என்ன இருக்கும், மழையில் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி. என்னிடமும் கேட்டார். மழையில் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஐந்தாவது நாள்தான் பார்வதி மாட்டினார்.

"யக்கா, உனக்கு இங்க கூரை வந்தா போதும்ல?"

"கூரை எனக்கு எதுக்கு? கீரை நனைஞ்சா நல்லதுதான், வாடாம இருக்கும்."

மேரியக்கா எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப உனக்கு இன்னா வேணும்?"

பார்வதி கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். கூடை முப்பது கிலோ இருக்கும். கீழே இறக்கி வைத்தால் மறுபடி தலைக்கு ஏற்ற ஒரு கை வேண்டும். யாரையாவது கூப்பிட வேண்டும்; சட்டை கறையாகும் என்று சிலர் வேறு பக்கம் பார்ப்பார்கள். அதனால் வீட்டிலிருந்து ஏற்றிய கூடையை பஸ் வரும்வரை அவர் இறக்குவதே இல்லை. "இடுப்பு ஒசரத்துக்கு ஒரு மேடை இருந்தா நானே வெச்சி நானே எடுத்துப்பேன்" என்றார்.

நான் அவரைத் தினமும் பார்க்கிறவன். வலு உள்ள பொம்பளை, கூடையோடு நிற்பது அவருக்குப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருந்தது. நிழற்குடையை இங்கே பெயர்த்து வைக்கக் கேட்பது என்று மேரியக்கா முடிவு செய்திருந்தார். அங்கே யாரும் உட்காருவதில்லை என்று நிரூபிக்க ஒரு நாள் பூராவும் எண்ணிக் காட்டலாம் என்று நோட்டோடு அதில் போய் உட்கார்ந்தார். பதினொன்றரை மணி வரை நோட்டில் பக்கம் காலி. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையைக் கடந்து ஒரு வயதான அம்மா மெதுவாக வந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பை. வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க போவணும்மா?" என்றார் மேரியக்கா.

"எங்கியும் போவல. வந்துட்டேன்."

அவர் பெயர் குஞ்சம்மாள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். டவுனிலிருந்து வரும் பஸ் எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். அவர் வீடு இந்தச் சந்தில் பதினோராவது. ஒரே மூச்சில் நடக்க முடியாது. "இங்க கால்மணி நேரம் குந்திட்டுத்தான் போவேன். இது இல்லன்னா அந்த வூட்டுப் படியில குந்தணும். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா நமக்கே ஒரு மாதிரி இருக்கும்ல."

மேரியக்கா கேட்டுக்கொண்டே போனார். அவரும் சொல்லிக்கொண்டே போனார். நான்கு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பார்கள். கரண்டு போனால் சந்துக்காரர்கள் நாலு பேர் காற்றுக்கு வருவார்கள். மேரியக்கா காலை ஏழுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்புகிறவர். இதில் ஒன்றும் அவர் கண்ணில் பட்டதே இல்லை. அன்று இருட்டும்வரை இருந்து பார்த்தார். பதினெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட பஸ்ஸுக்காக வரவில்லை.

மறுநாள் காலை எங்களிடம் நோட்டைக் காட்டினார். "நான் பாட்டுக்கு மாத்தச் சொல்லி மனு குடுத்திருந்தேன்னா அந்தம்மா ஒக்கார்ற எடத்த நானே புடுங்கியிருப்பேன்" என்றார். குரல் தணிந்திருந்தது. யோசனைத் தாளை முழுக்க மாற்றி எழுதினார். நிழற்குடை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், 'பேருந்து நிறுத்தம்' என்கிற எழுத்தை மட்டும் எடுத்துவிடலாம். கடை வாசலில் ஒரு சிறு கூரையும், பக்கத்து மதிலை ஒட்டி ஒரு மேடையும் வேண்டும். மேடையின் உயரம் தெரிய டெய்லர் டேப் கொண்டுவந்து தரையிலிருந்து பார்வதியின் இடுப்பு வரை அளந்தார். இரண்டே முக்கால் அடி. அதையும் எழுதினார். நாங்கள், சந்துக்காரர்கள் என்று நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம். இந்த முறை எல்லோரும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டோம்.

ஆனியில் வெற்றிச்செல்வனைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று சவரிராயன் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போவதற்கு முன் வெற்றிச்செல்வன் கோப்பில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கொத்தனார்கள் வந்து மேடைக்குச் செங்கல் அடுக்கி, மேலே கடப்பைக் கல் போட்டுவிட்டுப் போனார்கள். கூரைக்கு நிதி வரவில்லை, பரிசீலனையில் இருக்கிறது என்று கடிதம் வந்தது. நிழற்குடையில் எழுத்து அப்படியே இருக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது அதை நம்பி அங்கே நின்று, பஸ் தாண்டிப் போனதும் ஓடி வருவதை இப்போதும் பார்க்கலாம்.

கல் போட்ட மறுநாள் திங்கட்கிழமை. பார்வதி வந்தார். நாங்கள் எல்லோரும் பார்ப்பது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கல்லுக்குப் பக்கத்தில் போய் முழங்காலை மடித்துச் சாய்ந்தார். கூடை தலையிலிருந்து கைக்கு இறங்கிக் கல்லில் உட்கார்ந்தது. பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவர் தலையில் இருந்த துணிச் சும்மாட்டை எடுத்து உதறி, மடித்து, கூடை மேல் வைத்தார். பிறகு கையை இடுப்பில் வைத்தார், எடுத்தார், முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா?" என்றார் மேரியக்கா.

"ஒண்ணுமில்ல மேரி. ரெண்டு கையும் சும்மா இருக்குது. எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியல."